மூச்சிரைப்புக்கு அன்றாட மருந்து

டில்லி மாநகரில் ஐப்பசி கழிந்து கார்த்திகை பிறந்துவிட்டால், காலை வேளையில் பனியும் புகையும் ஒன்றாகக் கலந்து தெருவில் இறங்கி நிற்கும். மூச்சிரைப்பு உள்ள முதியவர்களுக்கு அது சோதனைக் காலம். அத்தகைய இரண்டு முதியவர்களை நாம் இன்று மனத்தில் வைத்துக்கொள்வோம். இருவரும் நம் கற்பனை மனிதரே. ஆயினும் இவர்களைப் போன்றவர்களை ராமகிருஷ்ணபுரத்திலும், மும்பை மாதுங்காவிலும், பெங்களூர் அல்சூரிலும் நேயர்கள் கண்டிருப்பீர்கள்.

ஒருவர் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து ஆண்டுகள் பீடி பிடித்தவர். மற்றவர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாற்பது ஆண்டுக்காலம் விறகடுப்பை ஊதி ஊதிச் சமைத்து, இப்போது மகள் வீட்டில் வந்து தங்கியிருக்கும் அம்மையார். புகையிலையை அவர் கையால் தொட்டதும் இல்லை. இருவரும் ஒரே மாடிக் கட்டடத்தில் வசிப்பவர்கள். ஒரே டாக்டரிடம் போகிறவர்கள். இருவரும் ஊதும் சோதனை செய்துகொண்டார்கள். சீட்டில் வந்த எண்ணும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் டாக்டர் கொடுத்த மருந்து மட்டும் வேறு வேறு.

“என்ன அண்ணாச்சி, நோய் ஒன்று என்கிறார்கள், மருந்து மட்டும் இரண்டாக இருக்கிறதே?” என்று அம்மையார் மாடிப்படியில் நின்று கேட்கிறார். “எனக்குக் கொடுத்தது விலை குறைந்ததோ என்னவோ, ஆச்சி” என்று அவர் பதில் சொல்கிறார். இந்த ஐயத்திற்கு விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது கூறுவோம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று இதற்குப் பெயர். சி.ஓ.பி.டி. என்ற ஆங்கில எழுத்துக்களாலேயே பலரும் இதனை அறிவார்கள். பல்லாண்டுக் காலம் புகையும் தூசியும் உட்சென்றதன் பயனாக மூச்சுக்குழல்களின் சுவர் தடித்துக் கோழை கட்டுகிறது. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் சிதைந்து தம் நெகிழ்ச்சியை இழக்கின்றன. காற்று உள்ளே போய்விடும். வெளியே வருவதுதான் கடினம். முந்திய மூச்சு முழுவதும் வெளியேறும் முன்னரே அடுத்த மூச்சு தேவைப்படுவதால், மார்பு காற்றால் நிரம்பியே நிற்கிறது. மூச்சிரைப்பு என்று நாம் சொல்வது இந்தத் திணறலையே.

நம் நாட்டில் 1990ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 81 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்ததாகவும், 2016இல் அது 5 கோடியே 53 லட்சமாக உயர்ந்ததாகவும் மாநிலவாரியாகச் செய்யப்பட்ட நோய்க் கணக்கெடுப்பு கூறுகிறது. புகைப்பவர்களின் நோய் என்று மேனாட்டார் நெடுநாள் எண்ணியிருந்தனர். விறகும் வறட்டியும் எரியும் அடுக்களைகளில் ஆயுளைக் கழித்த நம் தாய்மார்களின் மார்பு வேறு கதை சொல்கிறது. புனே நகரத்து மருத்துவர் சந்தீப் சால்வி, இங்கிலாந்தின் பீட்டர் பார்ன்ஸ் என்பவருடன் சேர்ந்து 2009இல் எழுதிய கட்டுரை, புகைக்காதவர்களுக்கும் இந்நோய் பெருமளவில் வருவதை உலகத்தார் கவனத்திற்குக் கொணர்ந்தது. முன்பு காசநோய் வந்து குணமானவர்களுக்கும் நுரையீரலில் தழும்பு நின்று இத்தகைய அடைப்பு ஏற்படுவதுண்டு.

இந்நோய்க்கான மருந்துகளில் இரு இனம் உண்டு. மூச்சு முட்டும்போது இழுத்து, சில நிமிஷங்களில் ஆறுதல் பெறுவதற்கானது ஆபத்து மருந்து. ஸால்பியூடமால் அவ்வகையைச் சேர்ந்தது. மூச்சு நன்றாக இருக்கும் நாளிலும், பல் துலக்குவதைப்போல, நாள் தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டியது அன்றாட மருந்து. நம்மவர் பலர் முதல் இனத்தை மட்டும் மருந்தென்று எண்ணுகிறார்கள். உடனே சுகம் தெரிவதில்லையாகையால் இரண்டாவதை இரண்டு வாரம் எடுத்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

அன்றாட மருந்தும் சிதைந்த காற்றறைகளைத் திரும்பக் கட்டித் தருவதில்லை. இதனை மறைத்துப் பேசுவதால் பயனில்லை. அது செய்வது இரண்டே காரியங்கள்: அன்றாட இரைப்பைக் குறைக்கிறது, திடீரென்று நோய் முற்றி எழும் வேகங்களைத் தடுக்கிறது. இந்த இரண்டாவதற்கு நேயர்கள் தக்க மதிப்புக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வேகமும் நோயாளியைப் படி ஒன்று கீழே இறக்கிவிட்டுப் போகிறது. ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர் பழைய படிக்கு முழுவதும் ஏறிவருவது எப்போதும் நடப்பதன்று.

டாக்டர் மருந்து தேர்வதற்கு முன் நோய் இதுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இதற்கு உதவுவது ஊதும் சோதனை. லண்டனில் ஜான் ஹட்சின்ஸன் என்ற மருத்துவர் 1846இல் மூச்சளக்கும் யந்திரம் ஒன்றை உலகுக்கு அறிவித்தார். இன்றைய ஸ்பைரோமீட்டர் அதன் வழிவந்தது. மார்பு நிரம்ப மூச்சிழுத்து, முழு வேகத்துடன் இறுதிவரை ஊத வேண்டும். குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பின்னும், ஊதிய மொத்தக் காற்றில் முதல் விநாடியில் வெளிவந்த பங்கு 100-க்கு 70-க்குக் குறைவாக இருந்தால் அடைப்பு உண்டென்று கொள்வர். நெஞ்சுப்படம் மட்டும் பார்த்து இந்நோயைத் தீர்மானிப்பது சரியன்று.

ஆஸ்துமாவினின்று இதனைப் பிரித்தறிவதும் இங்கேதான். ஆஸ்துமாவில் அடைப்பு வரும், போகும். பெரும்பாலும் இளமையிலேயே தொடங்கும். மருந்துக்கு நன்றாக இளகிக் கொடுக்கும். இப்பிரிவினை வெறும் பெயர்ச் சண்டையன்று. ஆஸ்துமாக்காரருக்கு ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் இன்றியமையாதது. அதில்லாமல் குழல் விரிக்கும் நெடுநேர மருந்தை மட்டும் கொடுப்பது அபாயம். நாட்பட்ட அடைப்பு நோயிலோ, பலருக்கு ஸ்டீராய்டே தேவையில்லை. இரு நோயும் கலந்து நிற்பவர்களும் உண்டு. அவர்களை ஆஸ்துமாக்காரராகவே பாவிப்பர்.

நம் முதியவர் இருவருக்கும் ஊதும் சோதனையில் ஒரே எண் வந்ததே, பிறகு வேற்றுமை எங்கிருந்து வந்தது? இந்நோயைப் பற்றி உலக நிபுணர்கள் கூடி வெளியிடும் ‘கோல்டு’ என்ற அறிக்கை 2001இல் முதன்முதலாக வந்தது. அக்காலத்தில் ஊதிய எண்ணைக் கொண்டே மருந்தைத் தீர்மானித்தார்கள். எண் ஒத்த இருவரில் ஒருவர் மாடியேறுவார், ஒருவர் கட்டிலை விட்டு இறங்கமாட்டார் என்பதை மருத்துவர்கள் நாளும் கண்டனர். ஆகவே 2011இல் நோயாளியின் இரைப்பையும் வேகங்களையும் கணக்கில் சேர்த்தனர். 2017இல் மருந்துத் தேர்விலிருந்து அந்த எண்ணைப் பிரித்தே வைத்துவிட்டனர். 2023ஆம் ஆண்டு அறிக்கை நோயாளிகளை ஏ, பி, இ என மூன்று வகுப்பாக்கியது. எண் பயனற்றுப் போய்விடவில்லை. நோய் இருக்கிறதா, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை அது இன்றும் காட்டுகிறது. ஆனால் முதல் மருந்தைத் தேர்வது இரண்டு கேள்விகளின் விடையே.

“எவ்வளவு நடந்தால் மூச்சு வாங்குகிறது?” என்பது முதற்கேள்வி. இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தார் வகுத்த ஐந்து படி ஏணி ஒன்று இதற்கு உண்டு. கடும் உழைப்பில் மட்டும் இரைப்பது பூஜ்யப் படி. விரைந்து நடக்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் இரைப்பது முதற்படி. தன் வயதொத்தவர்களோடு சமதரையில் நடக்க முடியாமல் பின்தங்குவது இரண்டாம் படி. ஏறத்தாழ நூறு மீட்டர் நடந்ததும் நிற்க வேண்டியிருப்பது மூன்றாவது. வேஷ்டி மாற்றவும் இரைத்து, வீட்டைவிட்டு வெளியேற முடியாமை நான்காவது. இரண்டாம் படி தொட்டவரை இரைப்பு மிகுந்தவர் என்று கொள்கிறார்கள்.

இக்கேள்விக்கு மெய்யான விடை கிடைப்பது அரிது. நோய் மெல்ல வருவதால் மனிதனும் மெல்லத் தன் வாழ்வைச் சுருக்கிக்கொள்கிறான். முதலில் மலை மந்திருக்குப் போவது நிற்கும். பிறகு காய்கறிச் சந்தை. பிறகு மொட்டை மாடி. கடைசியில் நாற்காலியில் அமர்ந்துகொண்டு, “எனக்கு இரைப்பே இல்லை” என்பார். அது உண்மைதான், அவர் இரைக்கும்படி எதையும் செய்வதில்லை. ஆகையால் அனுபவமுள்ள டாக்டர், “சென்ற ஆண்டு செய்து இந்த ஆண்டு விட்டுவிட்டது என்ன?” என்று கேட்பார். உடன் செல்லும் மகனோ மருமகளோ இதற்கு விடை சொல்லத் தயாராகச் செல்வது நல்லது.

அயல் மொழி நாட்டில் வாழும் நமக்கு மற்றோர் இடறலும் உண்டு. “நெஞ்சை அடைக்கிறது” என்று தமிழில் சொல்லும் முதியவரின் பேச்சை, பக்கத்தில் நிற்கும் பேரன் “மார்பு வலி” என்று இந்தியில் மொழிபெயர்த்துவிடுகிறான். டாக்டர் இருதயத்தைத் தேடிப் போய்விடுகிறார். இருதயத்தையும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் நோயாளி சொன்னது அதுவன்று. இந்தி நாட்டில் “ஸாங்ஸ் ஃபூல்தீ ஹை” என்றும், மராட்டியரிடம் “தம் லாகதோ” என்றும், வங்காளத்தில் “ஷாஷ்கஷ்டோ” என்றும் சொன்னால் மூச்சிரைப்பென்று புரிந்துகொள்வார்கள். கோழைக்கு இந்தியில் “பல்கம்” என்பர். நான்கு சொற்கள்தாம், ஆனால் மருந்துச் சீட்டு இவற்றைப் பொறுத்தும் மாறும்.

“கடந்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை முறை நோய் முற்றியது?” என்பது இரண்டாம் கேள்வி. இரைப்போ, இருமலோ, கோழையோ சில நாட்களில் வழக்கத்தைவிட மிகுந்து, அதற்காக நோயெதிர்ப்பு மருந்தோ ஸ்டீராய்டு மாத்திரையோ கொடுக்கப்பட்டிருந்தால் அதை ஒரு வேகமாக எண்ணுவர். ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் அது இன்னும் கனமானது. 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி அத்தகைய வேகம் இரண்டோ, ஆஸ்பத்திரி வாசம் ஒன்றோ இருந்தால் நோயாளி ‘இ’ வகுப்பைச் சேர்ந்தவர். அவையில்லாமல் இரைப்பு மிகுந்தவர் ‘பி’. இரண்டும் குறைந்தவர் ‘ஏ’. எல்லைக்கோடுகள் அறிக்கைக்கு அறிக்கை நகர்வதுண்டு, கேள்விகள் மாறுவதில்லை.

நம் அம்மையார் நன்றாகவே நடமாடுகிறார். முதல் கேள்வியோடு டாக்டர் நிறுத்தியிருந்தால் அவரை ‘ஏ’ என்று எழுதியிருப்பார். ஆனால் சென்ற ஆடியில் ஊருக்குப் போயிருந்தபோது அவர் பாளையங்கோட்டையில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். டில்லி டாக்டருக்கு அது எப்படித் தெரியும்? “அது ஊரில் வந்த காய்ச்சல்தானே” என்று அம்மையார் நினைத்திருந்தார். அங்கே கொடுத்த விடுதலைச் சீட்டை மகள் பையில் வைத்திருந்ததால் காரியம் வெளிப்பட்டது. இரண்டு ஊர்களில் வாழும் நம் முதியவர்களின் வேகங்கள் இவ்வாறு இரண்டு கணக்குப் புத்தகங்களில் பிரிந்து கிடக்கின்றன. எந்த டாக்டரும் முழுத் தொகையைக் காண்பதில்லை.

பஞ்சாலைப் பெரியவருக்கோ ஓராண்டில் வேகம் ஒன்றும் இல்லை. ஆனால் முதல் மாடிக்கு ஏறும்போது நடுவில் இரண்டு முறை நிற்கிறார். அவர் ‘பி’.

இனி மருந்துகளுக்கு வருவோம். மூச்சுக்குழலை நெடுநேரம் விரித்து வைக்கும் மருந்துகள் இரு குலத்தைச் சேர்ந்தவை. ஃபார்மோடெரால், ஸால்மீடெரால் முதலியவை ஒரு குலம். குழலைச் சுற்றியுள்ள தசைக்குத் தளர்வாயாக என்று ஆணை இடுபவை. டையோட்ரோபியம், கிளைக்கோபைரோனியம் முதலியவை மற்றொரு குலம். சுருங்குவாயாக என்று நரம்பு இடும் ஆணையை வழிமறிப்பவை.

இந்த இரண்டாம் குலத்திற்கும் நம் நாட்டிற்கும் ஒரு பழைய உறவு உண்டு. இரைப்பு வந்தபோது உலர்ந்த ஊமத்தையைப் புகைப்பது நம் நாட்டு வழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜெனரல் ஜென்ட் என்பவர் சென்னையில் இதனை அறிந்து, 1802ஆம் ஆண்டையொட்டி பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். அடுத்த நூறாண்டுக்கு மேல் ஐரோப்பா ஊமத்தைச் சுருட்டுகளைப் புகைத்தது. ஊமத்தையிலுள்ள அட்ரோபின் போன்ற பொருள்கள் குழலை விரித்தாலும், வாயை உலர்த்தி, புத்தியைக் கலக்கி, அளவு மிஞ்சினால் உயிரையும் குடிக்கும். ரசாயன அறிஞர்கள் அதன் உருவைச் சிறிது மாற்றி, மூளையை எட்டாமல் நுரையீரலிலேயே பெரிதும் தங்கும்படி செய்தவற்றின் வழியில் வந்தது இன்றைய டையோட்ரோபியம். ஒரு நாளைக்கு ஒரு முறை இழுத்தால் போதும். இக்கதையைக் கேட்டுவிட்டு எவரும் வேலியோரத்து ஊமத்தையைத் தேடிப் போகவேண்டாம். அது விஷச் செடி.

‘ஏ’ வகுப்பாருக்கு இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். ‘பி’ வகுப்பாருக்கு இரு குலத்தையும் ஒரே இன்ஹேலரில் கூட்டித் தருகிறார்கள்; ஒன்றைவிட இரண்டு சேர்ந்து இரைப்பை அதிகம் தணிக்கின்றன. ஆகவே பெரியவருக்குக் கிடைத்தது இந்த இரட்டை மருந்து. விலை குறைவென்பதால் அன்று. அவர் குறைக்கு அதுவே பொருத்தமானது.

‘இ’ வகுப்பாருக்கும் அடிப்படை இதே இரட்டை மருந்துதான். அதனோடு இழுக்கும் ஸ்டீராய்டைச் சேர்ப்பதா இல்லையா என்பதே டாக்டரை நிறுத்தி யோசிக்கச் செய்யும் இடம். நாமும் சிறிது நின்று பார்ப்போம்.

ஸ்டீராய்டு அழற்சியைத் தணிப்பது. சிலருக்கு அது வேகங்களை நன்கு குறைக்கிறது. பதினாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்து 2018இல் வெளிவந்த சோதனையில், மூன்றும் கலந்த மருந்து இரட்டை மருந்துகளைவிட வேகங்களைக் குறைத்தது. ஸ்டீராய்டு எடுத்தவர்களிடம் நிமோனியா கூடியும் இருந்தது. இந்தத் தீமை 2007இலேயே தெரிந்தது. ஆறாயிரம் பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்த அச்சோதனையில், போலி மருந்து எடுத்தவர்களில் 100-க்கு ஏறத்தாழ 12 பேருக்கும், ஸ்டீராய்டு கலந்த கூட்டு மருந்து எடுத்தவர்களில் ஏறத்தாழ 20 பேருக்கும் நிமோனியா வந்தது. நன்மையும் தீமையும் ஒரே பாத்திரத்தில் வருகின்றன. யாருக்கு நன்மை மிகும் என்று முன்கூட்டி அறிய வழியுண்டா?

ஓரளவு உண்டு. ரத்தத்தில் ஈஸினோஃபில் என்ற வெள்ளணுக்கள் உள்ளன. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அவை 300 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டு பலன் தரும் வாய்ப்பு மிகுதி. 100-க்குக் குறைந்தால் பலன் சொற்பம். நிமோனியா அபாயமே மிஞ்சும். இடைப்பட்டவர்களிடம் வேகங்களின் எண்ணிக்கையைப் பார்த்து டாக்டர் தீர்மானிக்கிறார். அம்மையாரின் எண்ணிக்கை 420. ஆகவே அவருக்கு மூன்றும் கலந்த மருந்து எழுதப்பட்டது. மாடிப்படி ஐயத்திற்கு இதுதான் விடை.

ஆனால் மேனாட்டில் செய்த இக்கணக்கை நம் நாட்டில் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற இயலாது. நம்மிடையே குடற்புழு உள்ளவர்களிடமும் இந்த அணுக்கள் உயர்ந்து காணும். யானைக்கால் நோய்க் கிருமியின் விளைவாக நுரையீரலில் தோன்றும் ஒருவகை நோயில் அவை ஆயிரக்கணக்கில் ஏறும். மதனப்பள்ளிக் காசநோய் ஆரோக்கிய நிலையத்தின் மருத்துவர்களான ஃப்ரீமாட் மொல்லரும் பார்ட்டனும் காசம் போலத் தோன்றிக் காசமல்லாத அந்நோயை 1940இல் விவரித்தனர். “ஈஸ்னோபீலியா” என்று நம் வீடுகளில் இன்றும் வழங்கும் சொல் அந்தக் காலத்து வைத்தியத்தின் எச்சம். அதற்கு மருந்து முற்றிலும் வேறு. காசநோயும் அப்படியே: அது ஒளிந்திருக்குமோ என்ற ஐயம் இருந்தால், கோழையையும் நெஞ்சுப்படத்தையும் பாராமல் ஸ்டீராய்டு தொடங்குவதை நல்ல டாக்டர் தவிர்ப்பார். சென்ற வாரம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால் அணுக்கள் பொய்யாகக் குறைந்து காணும்; அதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்றும் பலர் கையில் காணப்படுவது ஃபார்மோடெராலோ ஸால்மீடெராலோ ஸ்டீராய்டுடன் மட்டும் கலந்த பழைய கூட்டு. வேகங்கள் உள்ள நோயாளிகளிடம்கூட, ஸ்டீராய்டில்லாத இரட்டை மருந்து அதைவிட வேகங்களை நன்றாகத் தடுத்ததை 2016இல் வெளிவந்த சோதனை காட்டியது. அதற்காக, நன்றாக இருக்கும் ஒருவர் இந்தப் பேச்சைப் படித்துவிட்டுத் தாமாகவே மருந்தை நிறுத்திவிடக் கூடாது. அவருக்கு ஆஸ்துமாவும் கலந்திருக்கலாம். டாக்டரிடம் கேட்கலாம், கேட்பதில் தவறில்லை.

மருந்து எதுவென்று முடிவான பின், அதை எந்தக் கருவியில் கொடுப்பது என்ற கேள்வி எழுகிறது. எம் கருத்தில் இது மருந்தின் பெயரைவிடப் பெரிய கேள்வி. தகர டப்பாவை அழுத்தி இழுக்கும் பம்பு ஒரு வகை. மாத்திரைக் குப்பியிலுள்ள தூளை இழுக்கும் ரோட்டாஹேலர் போன்றவை மற்றொரு வகை. இரண்டிற்கும் இழுக்கும் முறை நேர்மாறானது. பம்பை மெதுவாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். தூளை வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். பம்பு பழகியவரிடம் தூள் கருவியைக் கொடுத்தால் மெல்ல இழுப்பார். தூள் தொண்டையிலேயே படிந்துவிடும். அந்தக் குப்பியை மாத்திரையென்று எண்ணித் தண்ணீரோடு விழுங்கிவிட்டவர்களும் உண்டு! ஆகவே நல்ல டாக்டர், “இப்போது என் கண்முன் இழுத்துக் காட்டுங்கள்” என்பார். மூட்டுவாதத்தால் விரல் மடங்காத பாட்டிக்குப் பம்பை அழுத்தும் வலிமை இராது. மூச்சு மிகவும் தளர்ந்தவருக்குத் தூளை இழுக்கும் வேகம் இராது. அழுத்துவதும் இழுப்பதும் ஒருசேர வராதவருக்கு ஸ்பேசர் என்ற நீர்க்குடுவை போன்ற உறை துணை செய்யும். மருந்து அதனுள் சிறிது நேரம் மிதந்து நிற்கும், நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். அதைக் கழுவினால் துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். துடைத்தால் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். இழுத்தபின் பத்து விநாடி மூச்சை அடக்கவும். ஸ்டீராய்டு கலந்ததானால் வாய் கொப்பளித்துத் துப்பவும். இல்லையேல் நாவில் வெள்ளை படியும்.

“இன்ஹேலர் பழகிவிட்டால் விடாது” என்ற அச்சம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. விடாதது நோய், கருவியன்று. மூக்குக்கண்ணாடியைப் பற்றி நாம் அவ்வாறு பேசுவதில்லை. மாத்திரையாகச் சாப்பிட்டால் உடம்பு முழுவதும் பரவும் மருந்து, இழுக்கும்போது மிகச் சிறிய அளவில் வேண்டிய இடத்தையே சேர்கிறது.

வேறு நோய்களையும் டாக்டர் கேட்டறிவார். ஊமத்தைக் குல மருந்துகள் புராஸ்டேட் வீங்கிய ஆடவருக்குச் சிறுநீரை அடைக்கக்கூடும். ஒருவகைக் கண்ணழுத்த நோயையும் மிகுவிக்கலாம். மற்றக் குலம் நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் தரலாம். கண்ணழுத்தத்திற்கு விடும் டிமலால் சொட்டு மருந்து மூச்சுக்குழலைச் சுருக்கவல்லது. கண்ணில் விடுவதை மார்பு டாக்டரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதைக் குறிப்பிட்டோம்.

மூன்று மாதம் சென்று திரும்பப் போகும்போது பலன் போதாதென்று தோன்றினால், டாக்டர் உடனே மருந்தைக் கூட்டுவதில்லை, கூட்டவும் கூடாது. ஒழுங்காக எடுக்கிறாரா, முறையாக இழுக்கிறாரா, பீடி நின்றதா என்று முதலில் பார்ப்பார். அதன் பின்னரும் வேகங்கள் தொடர்ந்தால் வேறு மருந்துகள் உண்டு. நாள்தோறும் அஸித்ரோமைசின் 250 மில்லிகிராம் ஓராண்டு கொடுத்ததில் வேகங்கள் குறைந்ததை 2011இல் கண்டனர். சிலருக்குச் செவித்திறன் குறைந்ததையும் கண்டனர். தியோஃபிலின் மாத்திரை மலிவானது, பழையது. ஆனால் பயனுக்கும் நஞ்சுக்கும் இடையேயுள்ள வெளி குறுகியது. குறைந்த அளவில் கொடுத்தால் வேகங்களைத் தடுக்குமா என்று பிரிட்டனில் சோதித்ததில், தடுக்கவில்லை என்றே 2018இல் முடிவு வந்தது.

ஒன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நோய் முற்றும்போது ஐந்து நாள் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை நன்மை தரும். அந்தப் பழைய சீட்டை வைத்துக்கொண்டு கடையில் மீண்டும் மீண்டும் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோர் நம்மிடையே பலர். பசி எடுக்கிறது, உடம்பு தெளிகிறது, ஆகவே நல்ல மருந்து என்கிறார்கள். எலும்பு நொறுங்குவதும், சர்க்கரை ஏறுவதும், மூச்சு விடும் தசைகளே தளர்வதும் பின்னால் வருகின்றன. அது அன்றாட மருந்தன்று.

வீட்டில் பிராணவாயு யந்திரம் வைப்பது செல்வாக்கின் அடையாளமுமன்று, எல்லார்க்கும் தேவையுமன்று. ஓய்வில் ரத்தத்தின் பிராணவாயு 100-க்கு 88 அல்லது அதற்குக் கீழே நிலையாக நிற்பவர்களுக்கு, நாளொன்றுக்கு 15 மணி நேரம் கொடுத்தால் ஆயுள் நீளுகிறது என்பது 1980, 1981ஆம் ஆண்டுகளின் இரு சோதனைகளால் துணியப்பட்டது. அவ்வளவு இறங்காதவர்களுக்கு அதனால் ஆயுளில் பயன் காணவில்லை என்று 2016இல் தெரிந்தது.

ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியாத் தடுப்பூசி, முறைப்படுத்திய நடைப் பயிற்சி இவற்றையும் டாக்டர் சீட்டில் எழுதுவார். நாம் மருந்துக் கடைக்குப் போகும் அவசரத்தில் அந்த வரிகளைப் படிப்பதில்லை. பீடியை விடுவதோ அறுபது வயதிலும் வீண்போவதில்லை. லண்டன் தொழிலாளரை எட்டாண்டுகள் அளந்து ஃப்ளெட்சரும் பீட்டோவும் 1977இல் எழுதியதன்படி, இழந்த மூச்சு திரும்பாவிடினும், இழக்கும் வேகம் புகைக்காதவர்களுடையதை ஒட்டிக் குறைந்துவிடுகிறது.

தை பிறந்ததும் அம்மையார் ஊருக்குப் புறப்படுகிறார். டாக்டர் ஒரு தாளில் எழுதித் தந்திருக்கிறார்: நோயின் பெயர், ஊதிய எண், ஈஸினோஃபில் 420, எடுத்த தேதி, சென்ற ஆண்டு ஆஸ்பத்திரி வாசம் ஒன்று, அன்றாட இன்ஹேலரில் உள்ள மூன்று மருந்துகளின் பெயரும் அளவும், கம்பெனிப் பெயர் இல்லாமல். கம்பெனிப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். மருந்தின் பெயர் மாறாது, ஜன ஔஷதிக் கடையிலும் கேட்டுப் பார்க்கலாம். ஸ்பேசரைச் சேலைகளுக்கு நடுவே வைத்திருக்கிறார்கள். தாளின் கீழே டாக்டர் இந்தியில் எழுதிய ஒரு வரியைப் பேரன் தமிழில் படித்துச் சொன்னான்: நிமோனியா வந்தால் ஸ்டீராய்டைப் பற்றி மறுபடி யோசிக்கவும், விறகடுப்பின் பக்கம் போக வேண்டாம்.

“பொங்கல் பானையை எதில் வைக்கிறதாம்?” என்று கேட்டார் அம்மையார்.

“மருமகள் வைக்கட்டும், ஆச்சி. நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள்” என்றார் பெரியவர், நடுப்படியில் ஒரே ஒரு முறை நின்று.